வெளிச்சம் இருந்தும் இலைவாய் மூடுவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி, ஆறாம் மாடி, மேற்குப் பக்கப் பல்கனி. அங்கே சாடிகளில் மிளகாய்க் கன்றுகள். காலையில் நிமிர்ந்து நிற்கும் கன்று பிற்பகல் இரண்டு மணி வெயிலில் இலைகளைத் தொங்கப் போட்டுவிடுகிறது. மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகளின் குறிப்பிலோ "ஒளியில் இலைவாய் திறக்கும், இருளில் மூடும்" என்று ஒற்றை வரி (இலைவாய் என்பது இலைத் தோலிலுள்ள நுண்ணிய துளை). பல்கனிக்கு எதிரே வெள்ளை எல்ஈடி விளக்கு விடிய விடிய எரிகிறது. அந்த வெளிச்சத்தில் இலைவாய்கள் இரவிலும் மூடாமல் இருந்து, நீரெல்லாம் போய், மறுநாள் கன்று வாடுகிறதோ, விளக்கை மறைத்துத் துணி கட்டவா என்று கேட்டிருந்தீர்கள்.

துணி கட்டத் தேவையில்லை. அதற்கான ஆதாரம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: கன்று காலையில் நிமிர்ந்து நிற்கிறது. இரவில்தான் நீர் போகிறதென்றால் விடியும்போதே அது தொங்கியிருக்க வேண்டும். பகலில் இழந்ததை வேர் இரவில்தான் நிரப்புகிறது, உங்கள் கன்றும் அதைச் சரியாகச் செய்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது, உங்கள் மகளுக்கு அதுதான் முக்கியம். இலைவாயைத் திறப்பதும் மூடுவதும் ஒளியின் கையில்தானா? அப்படியென்றால் ஒளி கொட்டுகிற இரண்டு மணிக்கு அது ஏன் மூடிக்கொள்ளப் பார்க்கிறது?

நான் இருபது வருடத்துக்கு மேல் கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குத் தாவரவியல் செய்முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இலைவாயையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர்களில் நான் இல்லை. நுணுக்குக்காட்டியில் திரும்பத் திரும்பப் பார்த்ததும், தொடர்ந்து வாசித்ததும்தான் என் கைமுதல். அதனால் எது உறுதியானது, எது இன்னும் ஆய்வாளர்களிடையே வாதத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

செய்முறை வகுப்புக்கு நாங்கள் எடுப்பது றியோ இலை. மேலே பச்சை, கீழே ஊதா, கொழும்பில் பாதி வீட்டு முற்றங்களில் வரம்பு கட்டினாற்போல நிற்கும் செடி. அடிப்பக்கத் தோலை மெல்ல உரித்து ஒரு துளி நீரில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஊதாக் கலங்கள் பாய் விரித்ததுபோல் கிடக்கும். அவற்றுக்கு நடுவே அங்கங்கே இரண்டு சிறிய பச்சை அவரை விதைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அவைதான் காவற்கலங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள பிளவுதான் இலைவாய், தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இலைத்துளை. அந்தத் தோலில் செறிந்த சீனிக் கரைசலை ஒரு துளி விட்டால், மாணவர் கண்முன்னாலேயே பச்சைக் கலங்கள் தளர்ந்து பிளவு மூடும். வேறொரு துண்டை, லீற்றருக்கு ஏறக்குறைய நான்கு கிராம் பொற்றாசியம் குளோரைட்டு கரைத்த நீரில் இட்டு, இரண்டு மணித்தியாலம் வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் பார்த்தால், பல வாய்கள் அகலத் திறந்திருக்கும். விஷயத்தின் பாதி இந்த இரண்டு துண்டுகளிலேயே தெரிந்துவிடும்.

காவற்கலம் நீரை உள்வாங்கி விறைத்தால் வாய் திறக்கும், நீரை விட்டுத் தளர்ந்தால் மூடும். விறைத்த கலம் ஏன் வளைய வேண்டும் என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். அதன் சுவரில் செலுலோசு இழைகள், பீப்பாயைச் சுற்றிய வளையங்கள்போலக் குறுக்காக ஓடுகின்றன. அதனால் கலம் பருக்க முடியாது, நீளத்தான் முடியும். இரண்டு கலங்களும் நுனிகளில் ஒட்டியிருப்பதால் நீளும்போது வெளிப்பக்கமாக வில்போல வளைகின்றன, நடுவே இடைவெளி பிறக்கிறது. இரண்டு நீட்டுப் பலூன்களில் செலோடேப்பை வளையம் வளையமாக ஒட்டி, நுனிகளைக் கட்டி ஊதிப் பார்த்தால் விளங்கிவிடும். நன்றாகத் திறந்த காவற்கலத்துக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் போகக்கூடியது. ஒரு சதுர மில்லிமீற்றர் இலையில் நூறு முதல் முந்நூறு வரை இப்படியான வாய்கள் இருப்பது சாதாரணம். எல்லாம் திறந்திருந்தாலும் அந்தப் பிளவுகளின் பரப்பு இலைப்பரப்பில் ஓரிரு வீதம்தான். இருந்தும் இலை இழக்கும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த வழியாகத்தான் போகிறது.

நீர் ஏன் உள்ளே வருகிறது என்பதில் இரண்டு தலைமுறைப் பாடங்கள் மோதுகின்றன. நீங்கள் பழைய பாடத்திட்டத்தில் படித்திருந்தால், "பகலில் காவற்கலத்திலுள்ள மாப்பொருள் வெல்லமாக மாறுகிறது, அதனால் பிரசாரணம் மூலம் நீர் வருகிறது" என்று படித்திருப்பீர்கள் (கரைபொருள் செறிந்த பக்கத்துக்கு நீர் இழுபடுவதுதான் பிரசாரணம்). மகளின் புத்தகத்தில் பொற்றாசியம் அயன் என்று இருக்கும். ஜப்பானில் 1943ல் இமாமுராவும் பின்னர் 1967ல் ஃபுஜினோவும் பொற்றாசியத்தைக் காட்டினார்கள். 1968ல் ஃபிஷர், அவரை இனச் செடியொன்றின் உரித்த தோலில் அதை அளந்து காட்டிய பிறகு உலகம் முழுவதும் அந்த விளக்கம் நிலைத்தது. காவற்கலத்தின் மென்சவ்வில் உள்ள பம்பி ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகிறது. உட்பக்கம் மறை ஏற்றம் கூடுகிறது. அந்த இழுப்பில் பொற்றாசியம் உள்ளே வருகிறது, அதைச் சமப்படுத்தக் குளோரைட்டும், கலத்துக்குள்ளேயே உண்டாகும் மேலிக் அமிலத்தின் அயனும் சேர்கின்றன. கரைபொருள் கூடியதால் நீர் பின்தொடர்கிறது. இது இன்று உறுதியானது. ஆனால் பழைய பாடம் முழுப் பிழை என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1996ல் டால்பட், ஸைகர் இருவரும் காலைத் திறப்பில் பொற்றாசியமும், பிற்பகலில் அதன் இடத்தைப் பெருமளவு வெல்லமும் பிடிப்பதைக் காட்டினார்கள். காவற்கலத்து மாப்பொருள் விடிந்த முதல் மணித்தியாலத்திலேயே உடைகிறது என்பதும் அண்மைக்கால ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இலையின் மற்றக் கலங்களில் நடப்பதற்கு இது நேர்மாறு, அவை பகலில் மாப்பொருளைச் சேர்த்து இரவில்தான் உடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. தென்னங்கன்று நடும் குழியில் உப்புப் போடுவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். குளோரைட்டு தென்னைக்கு மற்றப் பயிர்களைவிட மிக அதிகம் தேவைப்படும் ஊட்டம். அது குறைந்தால் தென்னையின் இலைவாய்கள் சீராக இயங்குவதில்லை. அந்தக் கைப்பிடி உப்புக்குள் இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறது. மிளகாய்ச் சாடிக்கு மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள், மிளகாய் உப்பைத் தாங்காது.

சரி, ஒளிக்கு வருவோம். ஒளி இரண்டு வழியில் பேசுகிறது, இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் அந்த ஒற்றை வரி போதாமல் போகிறது. ஒன்று நீல ஒளி. காவற்கலத்தில் ஃபோட்டோட்ரோப்பின் என்ற நீல ஒளி உணரிகள் இருக்கின்றன. செடி ஒளியை நோக்கி வளைவதற்கும் இதே உணரிகள்தான் காரணம். 2001ல் கினோஷிட்டா, ஷிமாசாக்கி முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள், இரண்டு வகை ஃபோட்டோட்ரோப்பினும் இல்லாத செடியின் இலைவாய்கள் நீல ஒளிக்கென்று தனியாகத் திறப்பதில்லை என்று காட்டினார்கள். நீல ஒளி விழுந்தால் நான் மேலே சொன்ன பம்பி முடுக்கிவிடப்படுகிறது. இதற்கு அதிக ஒளி வேண்டியதில்லை, கொஞ்சம் போதும். சூரியன் முகம் காட்டுவதற்கு முன்பே வானம் வெளுக்கும் அந்த நீல நேரத்தில் திறப்பு தொடங்கிவிடுவது அதனால்தான்.

மற்றது சிவப்பு ஒளி. இது ஒளித்தொகுப்பு வழியாக வேலை செய்கிறது, ஆகவே நிறைய ஒளி வேண்டும். இலைக்குள் ஒளித்தொகுப்பு நடக்க நடக்க உள்ளிருக்கும் காபனீரொட்சைட்டு குறைகிறது, அந்தக் குறைவே திறக்கச் சொல்லும் செய்தியாகிறது. இருட்டிலேயே காபனீரொட்சைட்டு நீக்கிய வளியைக் கொடுத்தால் பல செடிகளின் இலைவாய்கள் ஓரளவு திறக்கும், வெளிச்சத்திலேயே அதைக் கூட்டினால் ஒடுங்கும். ஆகவே காவற்கலம் ஒளியை மட்டும் பார்க்கவில்லை, உள்ளே காபனீரொட்சைட்டுக்குப் பஞ்சமா என்றும் பார்க்கிறது. இவ்வளவும் உறுதி. ஆனால் சிவப்பு ஒளியின் செய்தி இந்தக் குறைவால் மட்டும்தான் போகிறதா, அல்லது இலையின் நடுக் கலங்களிலிருந்து வேறொரு பொருளும் காவற்கலத்துக்குச் செய்தி கொண்டுபோகிறதா என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. பரீட்சையில் மகள் முதலாவதை எழுதினால் போதும்.

இனி உங்கள் இரண்டு மணிக்கு வருவோம். இலைவாய் திறப்பது காபனீரொட்சைட்டை எடுப்பதற்கு, ஆனால் அதே வாயால் நீராவி வெளியே போகிறது. மிளகாய், கத்தரி, நெல் போன்ற சாதாரணச் செடிகள் ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டைப் பிடிக்க நானூறு, ஐந்நூறு மூலக்கூறு நீரைக் கொடுக்கின்றன. ஆகவே நீர் குறையும்போது, ஒளி எவ்வளவு இருந்தாலும், மூடச் சொல்லும் செய்திதான் மேலோங்க வேண்டும். அப்படியே நடக்கிறது. நீர்த் தட்டுப்பாடு வந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடுகிறது. அதைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் 2009ல் அடையாளம் காணப்பட்டன. அது காவற்கலத்தை அடைந்தால் முதலில் குளோரைட்டு, மேலிக் அமில அயன் போன்றவை வெளியேறும் வழி திறக்கிறது. அப்புறம் பொற்றாசியமும் வெளியேறுகிறது, நீரும் போகிறது, வாய் மூடுகிறது. அதோடு, நீல ஒளி முடுக்கிவிட்ட அந்தப் பம்பியையும் இந்த ஓமோன் அடக்கிவிடுகிறது. ஒளி திறக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும், காவற்கலம் கேட்காது.

இது எவ்வளவு அவசியமானது என்பதற்கு மிளகாயின் சொந்தக்காரச் செடியான தக்காளியிலேயே ஒரு சான்று உண்டு. ஃபிளாக்கா என்ற தக்காளி விகாரி (மரபணுவில் மாற்றம் ஏற்பட்ட வகை) அப்சிசிக் அமிலத்தைப் போதிய அளவு உண்டாக்க முடியாதது. வேரில் நீர் இருந்தாலும் அது வாடித் தொங்கியபடியே இருக்கும், வாயை மூடத் தெரியாததால். அந்த ஓமோனை வெளியிலிருந்து தெளித்தால் இலை நிமிர்ந்துவிடும். இந்த ஓமோன் வரண்ட வேரிலிருந்து மேலே ஏறுகிறதா, இலையிலேயே உண்டாகிறதா என்பது பழைய சர்ச்சை. நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் வேர்தான் என்று அடித்துச் சொன்னோம். இப்போது, இலையே சில நிமிடங்களுக்குள் அதை உண்டாக்க முடியும் என்று தெரிகிறது, எடை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் என் பழைய மாணவருக்குச் சொன்னதை இதில் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம் வளியின் வறட்சி. கொழும்பில் என்ன வறட்சி, எந்நேரமும் வியர்க்கிறதே என்று தோன்றும். இலைக்கு அந்தக் கணக்கு வேறு. இலையின் உட்பக்க வளி எப்போதும் ஏறக்குறைய நீராவியால் நிரம்பியது. 30 பாகையில் நிரம்பிய வளி ஒரு கன மீற்றரில் 30 கிராம் நீராவி வைத்திருக்கும். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்றால் அங்கே 23 கிராம் இருக்கும். நிழலில் உள்ள இலைக்கும் வளிக்கும் வித்தியாசம் 7 கிராம்தான், இலைக்கு அது சுகமான நேரம். இப்போது அதே வளியில், பிற்பகல் வெயில் நேரே விழுந்து, சூடேறிய சீமெந்துச் சுவரும் வெப்பம் வீசி, இலை 35 பாகைக்குப் போய்விட்டது என்று வையுங்கள். இலைக்குள் இப்போது 40 கிராம் அளவு, வெளியே அதே 23. வித்தியாசம் 17, இரண்டு மடங்குக்கும் மேல். வளி மாறவில்லை, இலைதான் சூடேறியது, நீரை உறிஞ்சும் இழுப்பு அவ்வளவு கூடிவிட்டது. ஏசி அறையையும் இப்படிக் கணக்குப் பார்க்கலாம். 24 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால் வித்தியாசம் 11 கிராம். நமக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அந்த அறை, செடிக்கு வெளியிலுள்ள நிழலைவிட வரண்ட இடம். ஹோலில் ஏசிக்கு எதிரே வைத்த செடியின் இலை ஓரம் கருகுவதில் இதற்கும் பங்கு உண்டு.

வளி வரண்டால் இலைவாய் ஒடுங்குகிறது என்பது உறுதி. எப்படி அறிந்து ஒடுங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது: காவற்கலம் தானே நீரை இழந்து தளர்வதாக ஒரு பக்கம், பூக்கும் தாவரங்களில் அங்கும் அப்சிசிக் அமிலம்தான் வேலை செய்கிறது என்று இன்னொரு பக்கம். வெப்பநிலை இன்னும் சிக்கலானது. நீர் தாராளமாக இருந்தால் கடும் வெப்பத்தில் சில செடிகள் வாயை இன்னும் அகலத் திறந்து, ஆவியுயிர்ப்பால், அதாவது நீராவியை வெளியே விடுவதால், இலையைக் குளிர வைக்கின்றன. நீர் இல்லாவிட்டால் அதே வெப்பம் மூட வைக்கிறது. "சூடு கூடினால் இலைவாய் என்ன செய்யும்" என்று ஒரு வரியில் கேட்டால், எந்தச் செடி, வேரில் எவ்வளவு நீர் என்று திருப்பிக் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

இலை தொங்குவதும் வாய் மூடுவதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். ஒரு இலையைக் காம்போடு வெட்டினால், நீர்வரத்து நின்ற முதல் சில நிமிடங்களில் இலைவாய் மூடாது, இன்னும் கொஞ்சம் திறக்கும். பக்கத்து மேற்றோல் கலங்கள் காவற்கலத்தை இருபுறமும் நெருக்கிக்கொண்டிருந்தவை. அவை முதலில் தளர்வதால் காவற்கலத்துக்கு இடம் கிடைக்கிறது. பிறகுதான் மூடல் தொடங்கும். வகுப்பில் வெட்டிய இலையை உடனே பார்த்த பிள்ளைக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்த பிள்ளைக்கும் வேறு வேறு விடை வந்து சண்டை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் கண்டது சரி.

உங்கள் கன்றில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: இழுப்பு இரண்டு மடங்காகிவிட்ட நேரத்தில் சாடிக்குள் ஒடுங்கிய வேர் அந்த வேகத்துக்கு நீர் கொடுக்க முடியவில்லை. மண்ணில் நீர் இருக்கிறது, ஆனால் மண்ணிலிருந்து இலைக்குப் போகும் வீதம் போதவில்லை. இலைவாய்கள் ஒடுங்கத் தொடங்கியும் அது போதாமல் இலை தொங்குகிறது. மாலையில் தானாக நிமிர்ந்தால் அது தற்காலிக வாட்டம், பெரிய சேதமில்லை, ஒளித்தொகுப்பில் இரண்டு மூன்று மணித்தியாலம் நட்டம். ஈரமண்ணிலேயே வாடுகிறது என்பதற்காக மேலும் மேலும் நீர் ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மண்ணில் நீர் நிறைந்தால் வேருக்கு ஒட்சிசன் இல்லை, ஒட்சிசன் இல்லாத வேர் நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது, பிறகு சேற்றில் நின்றபடியே கன்று வாடும். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி வெயிலில் நின்றால் வேரும் அவியும். நான் செய்வது: சாடியைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைப்பது, சாடியை இன்னொரு பெரிய சாடிக்குள் இறக்கி இடையில் தென்னந்தும்பு அடைப்பது, மிளகாயென்றால் இரண்டு மணி முதல் நிழல்வலை போடுவது, நீரைக் காலையில் ஊற்றுவது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும் காலத்தில், வாரத்தில் ஒருமுறை இலையை நல்ல நீரால் கழுவி உப்பைப் போக்குவதும் நல்லது.

ஒன்றை மட்டும் என்னால் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. மிளகாய், தக்காளி, கத்தரிக்கு வரும் பற்றீரிய வாடல் நோயும் தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும்: பகலில் பச்சை மாறாமல் தொங்கும், இரவில் நிமிரும், சில நாளில் நிமிராமலே போய்விடும். ஒரு கன்று மட்டும் திடீரென்று அப்படிப் போனால், தண்டை அடியில் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுமுகம் நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போன்ற நூல் ஒன்று கீழே இறங்கினால் அது நோய். அந்தக் கன்றையும் மண்ணையும் எறிந்துவிட வேண்டும், அந்த மண்ணை வேறு சாடிக்கு மாற்றக்கூடாது.

இனி விளக்கு. உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். உங்கள் பல்கனிக்கு எதிரேயுள்ளது போன்ற விளக்கு சில அடி தள்ளி இலையில் விழும்போது பெரும்பாலும் 100 லக்ஸுக்கு உள்ளேதான், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிவப்பு ஒளி வழிக்கு அது எந்த மூலைக்கும் காணாது. வெள்ளை எல்ஈடியில் நீலம் கணிசமாக இருப்பது உண்மை, நீல வழிக்குக் குறைந்த ஒளி போதும் என்று நானே மேலே சொன்னேன். ஆனால் நீல ஒளியின் திறப்பு, கூடவே வலுவான சிவப்பு ஒளியும் இருக்கும்போதுதான் நன்றாகக் கிளம்புகிறது, தனித்த மங்கல் நீலத்துக்குத் திறப்பு சிறிதுதான். அதோடு செடிக்குள் ஓடும் நாள்முறைக் கடிகாரமும் இரவில் திறப்பை அடக்குகிறது. கொழும்பில் வருடம் முழுவதும் பகல் நீளம் ஒரு மணித்தியாலம்கூட மாறுவதில்லை, அந்தக் கடிகாரம் இங்கே குழம்புவதற்கு இடம் குறைவு.

அதே நேரம் "இருளில் மூடும்" என்பதையும் முழுதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரணச் செடிகள் பல இரவில் முழுக்க மூடுவதில்லை. பகல் ஆவியுயிர்ப்பில் ஐந்து முதல் பதினைந்து வீதம் வரை இரவிலும் நடப்பது பல இனங்களில் அளக்கப்பட்டிருக்கிறது. அது எதற்காக என்பதில் ஒத்த கருத்து இல்லை. கொழும்பின் இரவு வளி ஈரமாக இருப்பதால் இங்கே இந்த இழப்பு இன்னும் சிறியது. மணி பிளான்ட் இலை நுனியில் விடியற்காலையில் நீர்த்துளி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது இலைவாயால் வந்ததல்ல, நுனியிலுள்ள, மூடாத வேறு வகைத் துளையால், வேரின் அழுத்தத்தில் கசிந்தது. செடிக்குள் நீர் நிரம்பியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அந்த ஒற்றை வரியைத் தலைகீழாக்கும் செடிகளும் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அன்னாசி, கற்றாழை, சிலர் பாம்புச்செடி என்று சொல்லும் நிமிர்ந்த பட்டை இலைச் செடி, வண்டா ஓர்கிட் எல்லாம் வாயை இரவில் திறந்து பகலில் மூடுபவை. இரவில் எடுத்த காபனீரொட்சைட்டை மேலிக் அமிலமாகக் கலத்துக்குள் உள்ள சாற்றுப் பையான புன்வெற்றிடத்தில் அடைத்து வைத்து, பகலில் வாயை மூடிக்கொண்டு உள்ளேயே விடுவித்து ஒளித்தொகுப்பு செய்கின்றன. நீர்ச்செலவு மிளகாயோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உங்கள் பல்கனியின் மேற்குச் சுவரோரம் வைக்க ஏற்ற செடிகள் இவைதான்.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். நிறமில்லாத நகப்பூச்சு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மிளகாய் இலை மென்மையாக இருப்பதால், பழக முதலில் றியோ இலை நல்லது. ஒரே செடியில் ஒரே வயதுள்ள இலைகளின் அடிப்பக்கத்தில் காலை ஏழு மணிக்கும், பிற்பகல் இரண்டு மணிக்கும், இரவு எட்டு மணிக்கும் ஒரு சிறு பொட்டுப் பூசி, காய்ந்ததும் செலோடேப்பால் உரித்து நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் கண்ணாடித் தகடான வழுக்கியில் ஒட்டி வைக்கட்டும். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். எண்ணிக்கைக்கு இந்த முறை நம்பகமானது. திறப்பின் அகலத்துக்கு அவ்வளவு இல்லை, பூச்சிலுள்ள கரைப்பான் காய்வதற்குள் வாயைக் கொஞ்சம் மாற்றிவிடலாம், அதனால்தான் ஆய்வாளர்கள் பல் வைத்தியர் அச்செடுக்கும் சிலிக்கன் பசையைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒரு பொட்டை வைத்து முடிவெடுக்காமல், ஒவ்வொரு நேரத்திலும் ஐந்தாறு இலையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது வாயாவது பார்த்து, திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்று எழுதட்டும். வழுக்கியிலேயே நேரத்தையும், அன்று வெயிலா மந்தாரமா என்பதையும், செடிக்குக் கடைசியாக எப்போது நீர் ஊற்றியது என்பதையும் குறித்துவிட வேண்டும். விளக்கு வெளிச்சம் விழும் சாடி ஒன்றையும் விழாத சாடி ஒன்றையும் இரவு எட்டு மணிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தால், நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு உங்கள் பல்கனியிலிருந்தே பதில் கிடைக்கும்.